இன்னும் ஓரடி பின்னால போங்க

ராத்திரி பதினொன்றே கால்.

புறவழிச் சாலைக்குப் பின்புறமாகப் போகும் ஒற்றைத் தெரு. விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு இல்லை. வீடுகள் உண்டு, ஆள் இல்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை... நாயே இல்லாத தெருவில் நீங்கள் போயிருக்கிறீர்களா? போய்ப் பாருங்கள். திரும்பி வந்தால் சொல்லுங்கள்.

அந்தத் தெருவில் ஒரு பைக் மட்டும் டுப்... டுப்... டுப்... என்று போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் நம் நெட்டையனின் தாய்மாமா. நெட்டையன் இதோ, அந்த ஓரத்துப் போர்வைக்குள்தான் சுருண்டிருக்கிறான். சந்தேகம் இருப்பவர்கள் அவனைக் கேட்டுக்கொள்ளலாம். போர்வையை மட்டும் இழுக்காதீர்கள், சத்தம் போடுவான்.

மாமா போட்டோகிராபர். போட்டோகிராபர்கள் இரண்டு பேர் சந்தித்தால் படத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள், லென்ஸைப் பற்றிப் பேசுவார்கள். மூன்று பேர் சந்தித்தால் கைகலப்பு. மாமா தனியாக இருக்கும்போதே மூன்று பேருக்குச் சமம்.

அவருக்கு ஃப்ளாஷ் பிடிக்காது. "ஃப்ளாஷ் அடிக்கிறவன் போட்டோகிராபர் இல்லடா, வெல்டர்" என்பார். ட்ரைபாட் பிடிக்காது. "ரெண்டு கால்ல நிக்கத் தெரியாதவனுக்குத்தான் மூணு கால்." ஆனால் இதெல்லாம் சில்லறைக் கோபம். அவருடைய பரம எதிரி ஜூம் லென்ஸ். ஜூம் என்ற சொல்லைக் கேட்டாலே, பல்லில் மணல் மாட்டியது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

அவரிடம் இருந்தது ஒரே லென்ஸ். ஐம்பது எம்எம். தொழிலில் சுருக்கமாக ஐம்பது. அது பெரிதாக்காது, சிறிதாக்காது. ஆள் பெரிதாகத் தெரிய வேண்டுமா, நீங்கள் கிட்டப் போக வேண்டும். கூட்டம் அடங்க வேண்டுமா, நீங்கள் பின்னால் போக வேண்டும். அவ்வளவுதான் அதன் அறிவு. மாமாவுக்கு அது போதும். பத்தொன்பது வருஷமாக அந்த ஒரு லென்ஸில்தான் உலகத்தைப் பார்த்தார். ஒரு அறைக்குள் நுழைந்தால் நாற்காலி எங்கே என்று பார்க்க மாட்டார். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் எத்தனை அடி, ஐம்பதில் எத்தனை பேர் அடங்குவார்கள் என்று கணக்குப் போடுவார். மாமியைப் பெண் பார்க்கப் போனபோதும் அதைத்தான் செய்தார் என்று மாமி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

மாமியின் தம்பிதான் ஸ்டுடியோவில் பங்காளி. மாமாவுக்கு மச்சான். அவர் மாமாவுக்கு நேர் எதிர். பையைத் திறந்தால் காய்கறிக் கடை மாதிரி லென்ஸ்களை விரித்துவைப்பார். குட்டை, நெட்டை, தொப்பை என்று எல்லா ரகத்திலும் ஜூம்.

அந்த ராத்திரிக்கு இரண்டு வாரத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் மண்டபம் கொஞ்சம் சின்னது. மாமா சுவரில் முதுகு ஒட்டும்வரை பின்னால் போயும் மணமகளின் பெரியப்பா அடங்கவில்லை. படத்தில் அவர் காது மட்டும் வந்திருந்தது. பெரியப்பா ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார்.

"நான் கல்யாணத்துக்கு வந்தேங்கறதுக்கு என்னய்யா ஆதாரம்? காதா?"

"நல்லா ஷார்ப்பா இருக்குங்களே" என்றார் மாமா. உண்மையாகத்தான் சொன்னார்.

பெரியப்பாவைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு மச்சான் கதவைச் சாத்தினார்.

"மாமா, இதான் கடைசி. இன்னொரு தடவ ஒரே ஒரு ஆள் விட்டுப்போனாலும் ஐம்பத வித்துருவோம். ஜூம் வாங்குவோம். அக்காகிட்டயும் சொல்லிட்டேன்."

"விட்டுப்போகாது."

"போச்சுன்னா?"

"போச்சுன்னா வித்துக்கோ. நானே கவர்ல போட்டுத் தரேன்."

அவருக்கு அந்த லென்ஸ் என்றால் என்ன என்று உங்களுக்குப் புரிய வேண்டும். கண்ணைத் தோண்டிக் கவரில் போட்டுத் தருகிறேன் என்று சொன்ன மாதிரிதான்.

அதற்குப் பிறகு வந்த முதல் குடும்பப் பட அழைப்பு இது. ஒரு வரவேற்பு முடிந்து இருவரும் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வயசான குரல். நடுவில் கரகரவென்று சத்தம்.

"குடும்பப் படம் ஒண்ணு எடுக்கணும் தம்பி. இன்னைக்கே."

"மணி பத்தரைங்க."

"எல்லாரும் ராத்திரிதான் ஒண்ணா இருப்போம். ஒரே ஒரு படம் போதும். ஆனா எல்லாரும் வரணும். யாரும் விட்டுப்போகக் கூடாது."

கடைசி இரண்டு வாக்கியம் மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் மாமா வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார்.

மச்சான் வைட் லென்ஸ் ஒன்றை நீட்டினார். "இதையாச்சும் பைல வச்சுக்கோங்க. சின்ன ரூமா இருந்தா உதவும்."

மாமா அதைக் கையால்கூடத் தொடவில்லை. "அதுல எடுத்தா ஓரத்துல நிக்கிறவன் தலை பூசணிக்காய் மாதிரி வரும். நீயே வச்சுக்கோ."

இப்படித்தான் மாமா பதினொன்றே காலுக்கு அந்தத் தெருவில் போனார்.

தெருவின் கடைசி வீடு. மூன்று மாடி. பின்வாசல் திறந்திருந்தது. உள்ளே காலை வைத்ததும் முதலில் ஈரச் சுண்ணாம்பு வாசனை. அப்புறம் துரு. அப்புறம், வருஷக்கணக்காகப் பூட்டியிருந்த அலமாரியைத் திறந்தால் ஒரு வாசனை வருமே... துணியும் இல்லாத, மனுஷனும் இல்லாத வாசனை. அது.

படி முழுக்க மணல். செருப்புக்கடியில் சரக்... சரக்... என்றது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் பெரியவர் நின்றிருந்தார். முழுக்கை வெள்ளைச் சட்டை. கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார்.

"வாங்க தம்பி. எல்லாரும் ரெடி."

போனில் கேட்ட அதே குரல். நடுவில் அதே கரகரப்பு. இப்போது இருவருக்கும் நடுவில் போன் இல்லை என்பதை மாமா யோசிக்கவில்லை. அவர் மனசு அறையின் நீள அகலத்தில் இருந்தது.

பக்கவாட்டுக் கதவு வழியாக ஹாலுக்குள் போனார்கள். ஒரே ஒரு குண்டு பல்பு. கிழங்கு மஞ்சளில் வெளிச்சம். எதிர்ச் சுவரை ஒட்டி இரண்டு வரிசையாக ஆட்கள். ஐந்து பேர் உட்கார்ந்து, எட்டு பேர் நின்று. பெரியவரோடு சேர்த்து மொத்தம் பதினாலு பேர். பெரியவர் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவருக்காகக் காலியாக இருந்தது.

குடும்பப் படம் என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒருத்தர் பாத்ரூமில் இருப்பார். ஒருத்தர் கோபத்தில் இருப்பார். ஒரு குழந்தை அழும், அதைச் சிரிக்கவைக்க நாலு பேர் குரங்கு வேலை செய்வார்கள். ஆளைச் சேர்க்கவே அரைமணி ஆகும். இங்கே பதினாலு பேரும் அவரவர் இடத்தில், கையை மடியில் வைத்து, நேராகப் பார்த்தபடி... யாரும் பேசவில்லை. யாரும் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. ஒரு குடும்பத்தில் இது நடக்குமா? நடக்காது. அங்கேயே மாமா ஓடியிருக்க வேண்டும்.

அவர் சந்தோஷப்பட்டார். "இப்படி ஒரு குடும்பத்த என் சர்வீஸ்ல பாத்ததில்ல" என்று வாய்விட்டே சொன்னார்.

அவருக்குப் பின்னால் ஹாலின் மறுபாதி இருட்டாகக் கிடந்தது. பெரிய ஹால், நல்லதாகப் போயிற்று, பின்னால் போக இடமிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கணக்கும் போட்டார். ஆட்கள் பத்தடி அகலத்துக்கு நிற்கிறார்கள். ஐம்பதில் பத்தடி அடங்க, பதினாலு அடி தள்ளி நிற்க வேண்டும். இப்போது நிற்பது பத்தடி. இன்னும் நாலடி. இரண்டு எட்டு.

கேமராவைக் கண்ணில் வைத்தார்.

இங்கே மாமாவின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கேமராத் துளையில் கண்ணை வைத்தால், படம் எடுக்கும்வரை கண்ணை எடுக்க மாட்டார். ஃப்ரேமைப் பார்த்தபடியே காலால் தடவித் தடவி நடப்பார். மண்டபங்களில் இப்படி நடந்து எத்தனையோ நாற்காலிகளையும் ஒரு தடவை ஒரு மேளக்காரரையும் தள்ளிவிட்டிருக்கிறார். வழக்கத்தை மாற்றவில்லை.

இரண்டு எட்டு பின்னால் வைத்தார்.

இடது ஓரத்தில் ஒரு சின்னப் பெண் நின்றாள். அவள் பாதிதான் ஃப்ரேமுக்குள் இருந்தாள். ஒரு கண், ஒரு சடை.

சரி, கணக்கு கொஞ்சம் பிசகிவிட்டது. இன்னொரு எட்டு.

ஒரு கண். ஒரு சடை.

"பாப்பா வரல தம்பி" என்றார் பெரியவர். "இன்னும் ஓரடி பின்னால போங்க."

போனார். முதுகில் காற்று பட்டது. குளுமையாக, நன்றாகத்தான் இருந்தது. ஜன்னல் திறந்திருக்கிறது போல.

"பாப்பா இன்னும் வரல."

இன்னொரு எட்டு. காற்று இப்போது சட்டைக்குள் புகுந்து காலரை அடித்தது.

ஒரு கண். ஒரு சடை.

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல். கட்டைக் குரல். "இதுக்குத்தான் சொன்னேன், ஜூம் வச்சிருக்கறவரக் கூப்பிட்டிருக்கணும்னு."

மாமாவுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

"எதுக்கும்மா ஜூம்? எனக்குக் கால் இருக்கு!"

"அப்ப நடங்க" என்றது குரல்.

நடந்தார். ரோஷத்தில் இரண்டு எட்டு சேர்த்தே வைத்தார். செருப்புக்கடியில் மணல் போய்க் கரடுமுரடாக ஏதோ வந்தது. உடைந்த சிமெண்ட் மாதிரி. டீசல் வாசனை வந்தது.

ஒரு கண். ஒரு சடை.

அப்போதுதான் மாமா நின்றார்.

பயத்தில் இல்லை. கணக்கு இடித்தது. மொத்தம் ஏழு எட்டு வைத்தாயிற்று. ஒரு எட்டு இரண்டடி. பத்தடியும் பதினாலு அடியும் இருபத்து நாலு. இருபத்து நாலு அடியில் இந்தப் பதினாலு பேரும் தீப்பெட்டியில் குச்சி மாதிரி நடுவில் சின்னதாக அடங்கியிருக்க வேண்டும், இரண்டு பக்கமும் சுவர் தெரிய வேண்டும். ஆனால் ஃப்ரேமில் ஒரு விரற்கடைகூட யாரும் சின்னதாகவில்லை. அவர் ஒரு அடி பின்னால் போனால் அவர்களும் ஒரு அடி...

ஐம்பது பொய் சொல்லாது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அப்படியென்றால் பொய் எதிரில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ஃப்ரேமுக்குள் யார் வரவில்லை என்பது கேமராவில் கண்ணை வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும். எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கு, பாப்பா வரவில்லை என்று எப்படித் தெரிந்தது? யார் கண்ணால் பார்த்தார்?

ப்ப்பாம்ம்ம்... என்று ஒரு லாரி ஹாரன்.

பின்னாலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்தும் வரவில்லை. குதிகாலுக்குக் கீழே இருந்து வந்தது. லாரி கடந்துபோன காற்று கீழிருந்து மேலே வந்து, பேன்ட் காலுக்குள் புகுந்து, முட்டிவரை ஏறியது.

மாமா அசையவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை. கண்ணை எடுத்தால் கீழே பார்ப்பார், கீழே பார்த்தால் தலை சுற்றும், தலை சுற்றினால் எந்தப் பக்கம் சாய்வார் என்று அவருக்கே தெரியும்.

"ஒரே ஒரு அடி தம்பி" என்றார் பெரியவர். குரலில் இப்போது தேன் வடிந்தது. "பாப்பா மட்டும்தான் பாக்கி."

"முடியாது."

"எல்லாரும் வரணும்னு சொன்னேனே."

"வருவீங்க. எல்லாரும் வருவீங்க. ஆனா நகர வேண்டியது நீங்க. நான் இனிமே ஒரு இஞ்ச் நகர மாட்டேன்."

பல்பு மட்டும் ஙொய்ய்... என்றது.

"ஜூம் இருந்திருந்தா இந்த வம்பே இல்ல" என்றது கட்டைக் குரல்.

"அம்மா, நீங்க மொதல்ல பேசாம நில்லுங்க!" மாமா கண்ணை எடுக்காமலே கத்தினார். மண்டபத்தில் ஐந்நூறு பேரை அதட்டிய குரல் அது. "எனக்கு லென்ஸ் சொல்லித் தர வேண்டாம். பின் வரிசை எல்லாரும் நடுவுல நெருங்குங்க. கட்டம்போட்ட சட்டைக்காரரே, உங்களத்தான், தோளத் திருப்புங்க. உக்காந்திருக்கறவங்க நாற்காலிய ஒட்டிப் போடுங்க. பாப்பா, இங்க வா. தாத்தா பக்கத்துல வா."

போட்டோகிராபர் அதட்டினால் யாரும் கேட்பார்கள். அமைச்சராக இருந்தாலும் கேட்பார், மணமகனாக இருந்தாலும் கேட்பார். அது அந்தத் தொழிலின் ரகசியம். செத்தவர்களும் கேட்பார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரியவந்தது.

சர... சர... என்று துணி உரசும் சத்தம். காலடிச் சத்தம் இல்லை. ஆனால் நெருங்கினார்கள்.

"இன்னும்."

நெருங்கினார்கள்.

"இன்னும் நெருங்கணும்."

பத்தடி எட்டடி ஆயிற்று. எட்டு ஆறாயிற்று. பாப்பாவின் இரண்டாவது கண் உள்ளே வந்தது. இரண்டாவது சடையும் வந்தது. வந்த பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. தோளோடு தோள் ஒட்டி, அப்புறம் தோள்மேல் தோள் ஏறி, அப்புறம்... தோளுக்குள் தோள். கட்டம்போட்ட சட்டைக்காரரின் பாதி முகம் பக்கத்துப் பெண்ணின் கன்னத்துக்குள் போயிருந்தது. பதினாலு பேர், நாலு பேர் நிற்கும் அகலத்தில்... இருபத்தெட்டுக் கண்ணும் மாமாவையே பார்த்தன.

"அருமை" என்றார் மாமா. "அப்படியே இருங்க. யாரும் மூச்சு விடாதீங்க."

அந்தக் கடைசி அறிவுரை தேவையில்லாதது என்று அவருக்குப் பிற்பாடுதான் தோன்றியது.

க்ளிக்.

பல்பு போய்விட்டது.

இருட்டில் மாமா கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தார். மெதுவாகக் கீழே பார்த்தார். செருப்பின் முன்பாதி தரையில் இருந்தது. பின்பாதி இல்லை. அதாவது செருப்பு இருந்தது, கீழே தரை இல்லை. மூன்று மாடிக்குக் கீழே புறவழிச் சாலையின் வெள்ளைக் கோடு தெரிந்தது. சாலையை அகலப்படுத்தியபோது வீட்டின் முன்பாதியை வெட்டிவிட்டார்கள். கேக்கை வெட்டுவது மாதிரி, நடு ஹாலோடு சரியாக.

மாமா முன்பக்கம் சாய்ந்து, குப்புற விழுந்து, குழந்தை மாதிரி தவழ்ந்தே கதவுவரை போனார். கதவைப் பிடித்து எழுந்தவர், ஓடியிருக்கலாம். இருட்டுப் பக்கம் திரும்பினார்.

"படம் நாளன்னைக்கு ரெடியாகும்" என்றார். "வந்து வாங்கிக்கோங்க."

தொழில் என்றால் தொழில்.

மறுநாள் காலையில் ஸ்டுடியோவில் மச்சான் படத்தைக் கணினியில் ஏற்றினார். "எல்லாரும் வந்தாங்களா மாமா?"

"வந்தாங்க."

திரையில் சுவர் மட்டும் இருந்தது. படங்கள் மாட்டியிருந்து கழற்றிய வெளுத்த கட்டங்கள். ஆள் யாரும் இல்லை. நாற்காலிகூட இல்லை.

"ஒருத்தருமே வரல மாமா" என்றார் மச்சான். "பந்தயப்படி..."

"நல்லாப் பாருடா. ஃபோகஸ் எங்க இருக்கு?"

மச்சான் பெரிதாக்கிப் பார்த்தார். சுவர் மங்கியிருந்தது. சுவருக்குப் பதினாலு அடி முன்னால், வெறும் காற்றில் மிதந்த தூசு ஊசி முனை மாதிரி கூர்மையாக இருந்தது. லென்ஸ் எதையோ பிடித்திருந்தது. ஒன்றுமில்லாததைக் கேமரா அப்படிப் பிடிக்காது. மச்சானுக்கும் அது தெரியும். அடுத்த பொத்தானை அழுத்தினார்.

அடுத்து இன்னொரு படம் வந்தது.

மாமா ஒரே ஒரு தடவைதான் அழுத்தினார். சத்தியம் பண்ணிச் சொல்கிறார். இரண்டாவது படத்தில்... மாமாவின் முதுகு. நீலச் சட்டை, நடு முதுகில் வியர்வை. கேமராவைக் கண்ணில் வைத்தபடி நிற்கிறார். குதிகால் இரண்டும் அந்தரத்தில். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, நிதானமாக எடுத்த படம்.

மச்சான் திரை ஓரத்தில் இருந்த விவரத்தைப் படித்தார். எந்தக் கேமரா, எந்த நேரம், எந்த லென்ஸ் எல்லாம் அதில் இருக்கும்.

"ஐம்பது எம்எம்" என்றார்.

மாமா மேஜையைத் தட்டினார். "பாத்தியா? பாத்தியா? அதுகூட ஜூம் போடலடா!"

"மாமா, உங்க முதுக யாரோ..."

"ஆள் முழுசா வந்து மேலயும் கீழயும் இவ்ளோ இடம் இருக்குன்னா ஐம்பதுல பதினஞ்சடி. வா, அளந்து பாப்போம்."

அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் அந்த வீட்டுக்கே போனார் மனுஷர். மச்சான் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றார். மணலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்புத் தடம். விளிம்பில், சிமெண்ட் தூளில், முன்பாதி மட்டும் பதிந்த இரண்டு தடம். பல்பு மாட்டும் இடத்தில் ஒயரே இல்லை. விளிம்பிலிருந்து பதினஞ்சடி... டேப்பை எங்கே நீட்டுவது? கீழே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அந்த உயரத்தில், அந்தத் தூரத்தில், ஒரு காக்கா பறந்தது. அவ்வளவுதான்.

"இப்பவே வித்துருங்க மாமா" என்றார் மச்சான். "ஆள் வரலன்னு இல்ல. பந்தயத்த விடுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"நான் விக்கணும்னு நெனச்சா நான் விப்பேன். யாரோ என் முதுகுல நின்னு மிரட்டுறதுக்கு விக்க மாட்டேன்."

அன்றிலிருந்து எந்தக் குடும்பப் படம் எடுத்தாலும் கேமராவின் கார்டில் ஒரு படம் அதிகமாக இருந்தது. எப்போதும் மாமாவின் முதுகு. எப்போதும் ஐம்பது. முதல் மாதம் தலையிலிருந்து கால்வரை. இரண்டாம் மாதம் இடுப்புக்கு மேலே மட்டும், அதாவது ஏழடி. நாலாம் மாதம் தோளும் தலையும். நாலடி. ஐம்பது பெரிதாக்காது, தெரியுமில்லையா. ஆள் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால், எடுப்பவர் கிட்ட வர வேண்டும்.

மச்சான் அழாத குறை. மாமி ஒரு தடவை லென்ஸை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தார். மாமா தேடி எடுத்து, ஊதித் துடைத்து, வேலைக்குப் போனார். படம் எடுக்கும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை எடுத்தால் படம் போய்விடும் என்றார்.

ஆறாம் மாதம் காலரும், கழுத்து முடியும், பின் கழுத்தில் இருக்கும் மச்சமும். மச்சத்தில் வளர்ந்த ஒரு முடிகூடக் கூர்மையாகத் தெரிந்தது.

"ரெண்டடி" என்றார் மாமா. "விடு. இந்த லென்ஸுக்கு ஒன்றரை அடிதான் எல்லை. அதுக்கு உள்ள வந்தா ஃபோகஸ் ஆகாது, வெறும் மங்கல்தான் விழும். ஐம்பது வச்சிருக்கற எவனுக்கும் அது தெரியும். அங்க நின்னுருவான்."

போன ஞாயிற்றுக்கிழமை நெட்டையன் வீட்டில் குடும்பப் படம். அவன் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். பகல் பதினோரு மணி. ஜன்னல் நிறைய வெளிச்சம். பதினோரு பேர். மாமா அதட்டி, நெருக்கி, ஒரே ஒரு தடவை அழுத்தினார். எல்லாரும் வந்திருந்தார்கள். மச்சான் கேமராவை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்த படத்துக்குத் தள்ளினார்.

இருந்தது.

காலர் இல்லை. முடி இல்லை. மச்சம் இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே மங்கல்.

"மாமா..." மச்சான் கேமராவை நீட்டினார். "ஒன்றரை அடிக்கு உள்ள வந்துருச்சு மாமா."

மாமா வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முகத்தில் பயம் இல்லை என்று நெட்டையன் சொல்கிறான். மணல் கடித்த மாதிரிதான் இருந்ததாம்.

"லென்ஸ் தெரியாத ஜென்மம்" என்றார். "இதுக்குப்போயி ஆறு மாசமா மரியாதை குடுத்தேன்."

கேமராப் பட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டப் போனார். கை பின் கழுத்துக்குப் போனதும் ஒரு நொடி நின்றார். பிறகு, கூட்ட பஸ்ஸில் முதுகோடு ஒட்டி நிற்பவனைத் தள்ளுவோமே... அப்படி, வலது முழங்கையால் பின்பக்கம் ஓங்கி ஒரு இடி இடித்தார்.

மாமாவுக்குப் பின்னால் யாரும் இல்லை. சுவர்கூட நாலடி தள்ளித்தான் இருந்தது. நெட்டையன் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

தொப்பென்று சத்தம் கேட்டது. முழங்கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது.